யவனர் துன்பியலும் மாயக் கதையும் ஒற்றியூர் மகிழும்

இராயபுரம் புகைவண்டி நிலையத்தின் முகப்பிலே யவனர் கோயில்களை நினைப்பூட்டும் தூண்கள் வரிசையாய் நிற்கின்றன. 1856ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்டது அந்நிலையத்திலிருந்தே. மீன்கூடைகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் துறைமுகத்துப் புழுதிக்கும் இடையே அத்தூண்களை நாள்தோறும் கண்டு வளர்ந்தமையால், யவனர் என்போர் எங்கோ தொலைவிலுள்ள பிறர் என்னும் எண்ணம் எமக்கு இளமை முதலே குறைவு. அந்நிலையத்திற்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது திருவொற்றியூர். அங்கே ஒரு மகிழமரமும், அம்மரத்தடியிற் செய்த ஒரு சூளைப் பற்றிய கதையும் உண்டு. அக்கதையை யவனர் நாடகத்தோடும், இக்காலத்து இளைஞர் விரும்பிப் பயிலும் ஒரு மாயக் கதைத் தொடரோடும் ஒப்புநோக்கி எழுதப் புகுந்தோம். இவ்வொப்பீடு எவ்வாறு தோன்றிற்று என்பதை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

சென்ற ஆண்டு எம் வகுப்பிற்குப் பெரிய புராணத்துள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் பாடமாயிருந்தது. ஒரு மாலை, விடுதித் தாழ்வாரத்தில் அதனைப் படித்துக்கொண்டிருந்தேமாக, ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் வந்தமர்ந்தார். ஹாரி பாட்டர் கதைத் தொடரின் ஏழாம் நூல் அவர் கையில் இருந்தது. பேச்சு எங்கெங்கோ சென்று, முடிவில் அவர் ஒன்று கூறினார்: தமிழில் அழுகை உண்டு, துன்பியல் இல்லை, ஊழ்வினை எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடுவதாலும், இறைவன் இறுதியில் தோன்றி எல்லாவற்றையும் திருத்திவிடுவதாலும், யவனர் கண்ட பேரவலம் நம்மவர்க்கு எட்டவில்லை என்பது அவர் கருத்து. தம் கையிலிருந்த மாயக் கதையிற்கூட அஃது உண்டென்று ஒரு சொல்லும் சேர்த்தார். அன்றைய வழக்கில் எம் பக்கத்தை யாம் செவ்வனே எடுத்துரைக்கவில்லை. தோற்றோம் என்றே கொள்க. பின்னர் அந்நண்பரிடமே அந்நூல்கள் ஏழனையும் இரவல் வாங்கிப் படித்தோம். தமிழ் சிறப்பு வகுப்பு மாணவர் மாயக் கதை படிப்பதோ எனச் சிலர் நகைத்தனர். நகைக்க.

துன்பியல் நாடகம் என்பது யாது? அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கூறுவதன் சாரம் இது: மிக நல்லவனும் அல்லாத, கொடியவனும் அல்லாத ஒருவன், தீயொழுக்கத்தால் அன்றி ஒரு பிழையினால் உயர்நிலையினின்று வீழ்கின்றான், அதனைக் காண்போர் நெஞ்சில் இரக்கமும் அச்சமும் எழுகின்றன. அவனது நிலை தலைகீழாதலும், அறியாதிருந்த உண்மையை அவன் அறிதலும் ஒரே கணத்தில் நிகழுமாயின் அந்நாடகம் தலைசிறந்தது. முடிவில் சாவு வேண்டும் என்பது பலர் தாமாகக் கொண்ட எண்ணமே. ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய ஒரெஸ்டீயா என்னும் முந்நாடகத் தொகுதி கொலையிற் றொடங்கி வழக்குமன்றத் தீர்ப்பிலும் அமைதியிலும் முடிகின்றது. அதனைத் துன்பியல் அன்றென்று எவரும் விலக்கியதில்லை.

இனித் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் காண்க. அழுகைக்கு நிலைக்களம் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. அவற்றுள் அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்பர் உரையாசிரியர். அரிஸ்டாட்டிலின் தலைகீழ் மாற்றம் இதுவே அன்றோ? அச்சத்திற்கும் நிலைக்களம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இவற்றுள் இறுதியிலுள்ளதை வாசகர் நினைவில் இருத்துக. தம் இறையாலேயே அச்சம் பிறக்கும் என்று கண்ட இலக்கணம் எளியதொரு கண்ணோட்டத்தினது அன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் என்னும் இலக்கணம் யாத்தபோது, மேலைநாட்டு நாடக முறையையும் நம் மரபையும் ஒருங்கு வைத்து நோக்கினார். அவர் வழியிலே யாமும் சில அடி நடக்கின்றோம்.

முதற்கண் யவனர் கதை. தீப்ஸ் நகரத்து அரசன் லாயஸ், தன் மகனாலேயே தான் கொல்லப்படுவான் என்னும் தெய்வ வாக்கைக் கேட்கின்றான். பிறந்த மகவின் கணுக்கால்களைப் பிணித்து மலையில் எறிந்துவருமாறு ஓர் இடையனிடம் கொடுக்கின்றனர். இடையன் இரங்குகின்றான், மகவு கொரிந்து நாட்டில் வேறொருவர் மகனாய் வளர்கின்றது. அவனே ஈடிப்பஸ். தந்தையைக் கொல்வாய் என்னும் வாக்கு அவன் செவிக்கும் எட்டுகின்றது. கொரிந்து வேந்தனே தன் தந்தை எனக் கருதி அந்நகரை விட்டு ஓடுகின்றான். ஓடும் வழியில் முச்சந்தியிலே முன்பின் அறியாத முதியவன் ஒருவனைச் சினத்தாற் கொல்கின்றான். அம்முதியவன் லாயஸ். சோபோக்ளீஸ் இதனை நாடகமாக்கிய திறத்தை ஈண்டு விரித்தல் வேண்டா. எம் உள்ளத்தைத் தைத்தது ஒன்றே. லாயஸ் தன் மகனைத் தன் வீட்டிலேயே வளர்த்திருந்தால், மகன் தந்தையை அறிந்திருப்பான். முச்சந்தியில் அவனைக் கண்டு கையோங்கியிரான். வாக்கு பலித்ததற்குக் காரணம் வாக்கிலிருந்து தப்பச் செய்த சூழ்ச்சியே. தப்பும் வழியே அகப்படும் வழியாயிற்று.

ஹாரி பாட்டர் தொடர் 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாய் வெளிவந்தது. அதன் ஆசிரியை ஜே. கே. ரௌலிங், எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியோடு யவன உரோம இலக்கியமும் பயின்றவர். அப்பயிற்சி நூலெங்கும் சிதறிக் கிடக்கின்றது. முதல் நூலில் வரும் முத்தலை நாய் இசை கேட்டு உறங்குவதும், அதனை ஒரு கிரேக்கனிடம் வாங்கியதாக அதன் உடையவன் கூறுவதும் விளையாட்டு. ஏழாம் நூலின் முகப்பில் ஈஸ்கிலஸின் ஒரெஸ்டீயாவிலிருந்து ஒரு பகுதியைப் பொறித்திருப்பதோ விளையாட்டு அன்று. தந்தையர் காலத்துப் பழி மக்கள் தலையில் விழுதலும், அதனை இளையோர் தீர்க்கப் புகுதலுமே அத்தொடரின் பொருள் என்பதை ஆசிரியை அம்முகப்பிலேயே உணர்த்திவிட்டார்.

அக்கதையிலும் ஒரு வாக்கு உண்டு. வால்டிமார்ட் என்னும் கொடிய மந்திரவாதியை வெல்லவல்லான் ஒருவன் ஜூலைத் திங்களின் இறுதியிற் பிறப்பான் என்று ஒரு குறிகாரி தன்னை மறந்து உரைக்கின்றாள். அவள் பிற வேளைகளிற் கூறுவன பெரும்பாலும் பொய். நம் ஊர்க் கிளிசோதிடர் பலரும் இதனைக் கேட்டு ஆறுதல் அடையலாம். கொடியவனே அப்பிள்ளையைத் தனக்கு நிகராகக் குறியிடுவான் என்பது வாக்கின் பிற்பாதி. ஒற்றனாய்க் கேட்டவன் முற்பாதியை மட்டும் கேட்டுத் தலைவனிடம் உரைத்தான். வாக்கின் அடையாளங்கள் இரு குழந்தைகளுக்குப் பொருந்தின. வால்டிமார்ட் தானே ஒரு குழந்தையைத் தெரிந்துகொண்டு கொல்லச் சென்றான். தாய் குறுக்கே நின்று உயிர் விட்டாள். அத்தியாகம் மகவுக்குக் காப்பாயிற்று. ஏவிய மந்திரம் ஏவியவனையே வீழ்த்திற்று. மகவின் நெற்றியில் வடு விழுந்தது. குறியிட்டவன் அவனே. அவன் வாளாவிருந்திருப்பின் வாக்கு வெறும் காற்றாய்ப் போயிருக்கும் என்று அப்பள்ளித் தலைவர் டம்பிள்டோர் பின்னர் மாணவனுக்கு விளக்குகின்றார். லாயஸ் செய்ததையே இவனும் செய்தான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எம் நண்பர் இதனைக் கவனித்திலர். குழந்தையைக் கொல்ல முயன்ற அரசர் கதை நமக்குப் புதிதன்று. கிருஷ்ணன் பிறப்பில் கம்சன் அதனைச் செய்தான். மத்தேயு சுவிசேஷத்தில் ஏரோது அதனைச் செய்தான். இக்கதைகளில் நம் நெஞ்சு குழந்தையின் பக்கம் நிற்கின்றது; குழந்தை பிழைத்தால் மகிழ்கின்றோம். யவன நாடகத்திலோ குழந்தை பிழைத்ததே கேடு. அன்றியும், கொடியவன் வீழ்ச்சியில் இரக்கமும் இல்லை, அச்சமும் இல்லை என்று அரிஸ்டாட்டிலே விலக்கிவிட்டார். ஆகவே வால்டிமார்ட்டின் கதை யவன நாடகத்தின் எலும்பைக் கொண்டது, உயிரைக் கொண்டிலது. உயிர் வேறோர் இடத்தில் இருக்கின்றது. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

இனி ஒற்றியூர். சங்கிலியார் பிறந்த ஊர் சென்னைக்கு வடக்கே உள்ள ஞாயிறு. மணப்பேச்சு எழுந்தபோது அம்மை மறுத்து, இறைவனுக்கே ஆளாவேன் என்றனர். பெற்றோர் திருவொற்றியூரில் கன்னிமாடம் அமைத்து அங்கே இருத்தினர். அங்கே அவர் செய்த பணி பூத்தொடுத்தல். திருவாரூரிற் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், தலயாத்திரையாய் ஒற்றியூர் வந்து, மாலை கொணர்ந்த சங்கிலியாரைக் கண்டார், காதல் கொண்டார், இறைவனிடமே பெண் கேட்டார். இறைவன் சங்கிலியார் கனவில் தோன்றிச் சுந்தரரை மணக்குமாறு பணித்தபோது, அவர் ஆரூரில் மகிழ்ந்திருப்பவர் ஆயிற்றே என்று அம்மை நாணத்தோடு குறிப்பித்தனர். அங்ஙனமாயின், உன்னைப் பிரியேன் என அவன் சூளுறுவான் என்று இறைவன் தேற்றினான்.

சுந்தரர் மனத்தில் அப்போது ஓடியது யாது? ஒற்றியூரிலேயே தங்கிவிட்டால் ஏனைப் பதிகளைத் தொழுவது எங்ஙனம்? சூள் உரைத்தே ஆகவேண்டும். ஆயின் கட்டுண்ணல் ஆகாது. ஆதலின் இறைவனிடம் ஒரு வரம் வேண்டினார்: சங்கிலியோடு யான் சூளுரைக்கச் சந்நிதிக்கு வரும்போது, நீர் கருவறையை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும். இறைவன் இல்லாத கருவறையிற் செய்த சூள் சூள் ஆகாது என்பது கணக்கு. இறைவன் இசைந்தான். இசைந்தவன் அன்றிரவே சங்கிலியார் கனவிற் சென்று, சந்நிதியில் வேண்டா, மகிழின்கீழ்ச் சூள் பெறுக என்றும் உரைத்தான்! மறுநாள் சுந்தரர் சந்நிதிக்குச் செல்வோம் என்றார். தோழியர் இதற்காகச் சந்நிதி வேண்டா, மகிழடியே சாலும் என்றனர். மறுக்க வாயில்லை. மறுத்தால் சூழ்ச்சி வெளிப்படும். மரத்தை மும்முறை வலம்வந்து, இறைவன் மெய்யாகவே வீற்றிருக்கும் அம்மரத்தடியில், பிரியேன் என்று சுந்தரர் சூளுரைத்தார்.

லாயஸ் மகவை மலைக்கு அனுப்பினான். அம்மலையினின்றே சாவு வந்தது. வால்டிமார்ட் தொட்டிலை நாடிச் சென்றான். அத்தொட்டிலினின்றே பகைவன் எழுந்தான். சுந்தரர் இறைவனை மரத்தடிக்கு அனுப்பினார். அம்மரத்தடியிலேயே சூள் அவரைப் பிணித்தது. வேண்டாதிருந்தால் மரம் வெறும் மரமாயிருந்திருக்கும். மூன்று கதைகளுக்கும் எலும்பு ஒன்றே என்பதற்கு இதனினும் வேறு சான்று யாம் தேடவில்லை. இவற்றுள் சுந்தரர் கதையே நுட்பத்தால் விஞ்சியது என்பது எம் துணிபு. ஏனை இரண்டிலும் சூழ்ச்சி பலர் கையும் பல்லாண்டும் கடந்து திரும்புகின்றது. இங்கே ஓர் இரவு கழிவதற்குள் திரும்பிவிடுகின்றது.

சொல்லைச் சொல்லி, நெஞ்சை விலக்கிக்கொள்ளும் இச்சூழ்ச்சி யவனர்க்கும் தெரியும். யூரிப்பிடீஸ் கி.மு. 428இல் அரங்கேற்றிய ஹிப்பொலிடஸ் நாடகத்தில், சூளுரைத்த இளைஞன் சினத்தின் வேகத்தில் நாவையும் நெஞ்சையும் பிரித்துப் பேசுகின்றான். அவ்வொரு வரிக்காக யூரிப்பிடீஸை அரிஸ்டோபனீஸ் தம் நகை நாடகத்தில் எள்ளினார். அவ்விளைஞனோ, அவ்வாறு பேசியும், கடைசிவரை சூளைக் காத்து அதனாலேயே மடிகின்றான். சுந்தரர் காத்திலர்.

தென்றல் வீசிற்று. ஆரூரில் வசந்த விழாவும் பரவையாரும் நினைவில் எழுந்தனர். சுந்தரர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்ணும் மறைந்தன. இராயபுரத்துத் தெருப்பிள்ளைகள் இன்றும் கோலியாட்டத்தில் வழக்கு முற்றினால், ‘கண்ணாணை’ என்பர். ஏன் கண் என்று யாம் அந்நாளில் எண்ணியதில்லை. எந்த மதத்துப் பிள்ளையும் அச்சொல்லைச் சொல்லுவான். சொன்னபின் பொய் பேசத் துணியான்.

ஈடிப்பஸ் உண்மையை அறிந்ததும் தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டான். சுந்தரர் கண்ணை எடுத்தது பிறிதொரு கை. அக்கை தம் தோழன் என்று அவர் கொண்டாடியவன் கை. தம் இறையால் வரும் அச்சம் என்று தொல்காப்பியம் கூறியது இதுவன்றோ? யவன நாட்டுத் தெய்வங்கள் மனிதர்க்கு அயலானவை. அவை கெடுப்பதில் வியப்பில்லை. தோழனே இரு பக்கத்திற்கும் கனவில் வழி சொல்லி வலை விரித்தான் என்னும்போது எழும் நடுக்கம் வேறு. இறைவன் திருத்திவிடுவான், ஆதலால் துன்பியல் இல்லை என்ற எம் நண்பர்க்கு முதல் விடை இது: இக்கதையில் இறைவனே துன்பியலின் சூத்திரதாரி.

கண்ணிழந்தவர் நடந்த வழி எம் பகுதியினர்க்குப் பழகிய வழியே. வடதிருமுல்லைவாயில் சென்றார், அங்கே பாடிய பதிகத்தில் தம் கண்ணிழப்பிற்குச் சங்கிலியே காரணம் எனப் பெயர் சுட்டியே முறையிட்டார். பின் வெண்பாக்கம் சென்றார். அங்கே கண் வரவில்லை, ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. அவ்வெண்பாக்கத்துப் பழங்கோயில் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் கிடக்கின்றது. 1944இல் முடிவுற்ற அந்நீர்த்தேக்கத்திற்காகக் கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் அமைத்தனர். அங்கிருந்து இறங்கும் கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கும் கரையிற் கடலொடு கலக்கின்றது. சுந்தரர் கோலூன்றிய ஊர்நீர் எம் கடலுக்கே வருகின்றது என்பதை நிலப்படத்திற் கண்ட நாளில் நெடுநேரம் அப்படத்தை விட்டகலாதிருந்தோம். காஞ்சியில் இடக்கண் பெற்றார். ஆரூரில் வலக்கண் பெற்றார். ஈடிப்பஸுக்குக் கண் மீளவில்லை. ஆயினும் சோபோக்ளீஸ் முதுமையில் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய நாடகத்தில், மகள் கைப்பற்றி நடக்கும் அக்குருடனைக் கொலோனஸ் என்னும் ஊரில் தெய்வங்களே அழைத்துக்கொள்கின்றன. வீழ்ந்தவனைத் தெய்வம் ஏற்பது யவனர்க்கும் உடன்பாடே.

மாயக் கதையின் உயிர் எங்கே என்று பின்னர்க் காட்டுவதாகக் கூறினோம். குறிகாரியின் வாக்கை ஒளிந்து கேட்டுத் தலைவனிடம் உரைத்த ஒற்றன் பெயர் ஸ்னேப். வாக்கு எந்தக் குழந்தையைக் குறித்தது என்று அவன் அப்போது அறியான். பின்னர் அறிந்தான்: அக்குழந்தை, தான் இளமை முதற் காதலித்த லில்லி என்பவளின் மகன். அவளை மட்டும் விட்டுவிடுமாறு கொடியவனை வேண்டினான். அவ்வேண்டுகோளால் அவளுக்கு விலகி நிற்க வாய்ப்புக் கிடைத்தது. வாய்ப்பு இருந்தும் விலகாமையாற்றான் அவள் சாவு தியாகமாயிற்று, மகவுக்குக் காப்பாயிற்று. தன் சொல்லாற் கொன்றான். தன் சொல்லாலேயே அவள் மகவைக் காத்தான். இரண்டும் கருதிச் செய்தன அல்ல. எஞ்சிய வாழ்நாள் முழுதும் பிறர் வெறுப்பைச் சுமந்து அம்மகனைக் காத்தான். ஆறாம் நூலில், மீறினால் உயிர் போகும் ஒரு சூளையும், வேறொரு தாய் வேண்ட, அவன் செய்துகொடுக்கின்றான். கொடியவனும் அல்லன், நல்லவனும் அல்லன், அறியாப் பிழை, பிழையை அறிதல், அறிந்தபின் மீளாமை. அரிஸ்டாட்டில் இக்காலத்து வந்து இவ்வேழு நூலையும் படித்தால், நெற்றியில் வடுவுடைய இளைஞனை விட்டு இவன் ஒருவன்மேலேயே விரல் வைப்பார் என்று நம்புகின்றோம். நண்பரின் மாயக் கதையிலும் துன்பியல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவர் காட்டிய இடத்தில் இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, விடுமுறையில் இல்லம் சென்றபோது எம் பாட்டியாருக்கு ஒற்றியூர்க் கதையை வாசித்துக் காட்டினோம். அவர் ஞாயிறு தவறாது ஆலயம் செல்பவர். பெரிய புராணம் கேட்டவர் அல்லர். எனினும் மகிழமரத்துக் கதையைச் சிறிதளவு அறிந்திருந்தார். வடபுறத்தில் அதனை அறியாதார் யார்? கண் இரண்டும் மீண்ட இடம் வந்ததும் எமக்குப் பெருமிதம். அவர் முகத்தில் அஃது இல்லை. “அதெல்லாம் சரி, அந்தப் பொண்ணு அப்பால இன்னா ஆனா?” என்றார். அவர் அவ்வாறு கேட்டதற்குக் கப்பல் வேலைக்குப் போன எம் பாட்டனாரைப் பற்றிய காரணம் ஒன்று உண்டு. அஃது எம் குடும்பத்தினது, ஈண்டு வேண்டா.

விடுதிக்கு மீண்டு புராணத்தை மறுபடியும் எடுத்தோம். சூள் நிகழும்வரை சங்கிலியார் பேசுகின்றார். இறைவனிடமே ஐயம் எழுப்புகின்றார். மகிழடியில் அடியவர் ஒருவர் தம்பொருட்டுச் சூளுறுவதைக் கண்டதும், இறைவன் பணியால் இதனைக் காண நேர்ந்ததே எனத் தம்மையே நொந்து, ஒருபுறம் மறைந்து அயர்கின்றார். எவர்க்கும் முன்னே நடக்கப்போவதை உணர்ந்து நடுங்கியவர் அவரே. அதன்பின் மணம் நிகழ்கின்றது. சுந்தரர் எல்லையைக் கடந்தபின்னோ, கதை சுந்தரரோடு போய்விடுகின்றது. ஒற்றியூரிற் கதவு அடைத்துக்கொள்கின்றது. ஆரூரிற் பரவையார் சினந்து கதவடைத்தபோது, அவர் ஊடல் தணிக்க இறைவனே ஒருமுறைக்கு இருமுறை தூதாய்த் தெருவில் நடந்தான். பரவையார்க்குச் சினக்க வாய் இருந்தது. அச்சினத்திற்குத் தூதும் வந்தது. ஒற்றியூர்க்கு ஒரு தூதும் வரவில்லை. புராண இறுதியில் இருவரும் கயிலையில் தம் பழைய நிலை எய்தி, பரவையார் கமலினியாகவும் சங்கிலியார் அனிந்திதையாகவும் உமையம்மைக்குப் பணி செய்தனர் என்று சேக்கிழார் கூறிவிடுகின்றார். இடைப்பட்ட நாள்கள்?

யவனர் அந்நாள்களையே நாடகமாக்கினர். யூரிப்பிடீஸின் மீடியா கி.மு. 431இல் அரங்கேறியது. ஜேசன் என்பான் தெய்வங்கள் சான்றாகச் சூளுரைத்து மீடியாவை மணந்தவன். பின் கொரிந்து வேந்தன் மகளை மணக்கச் சூளை மீறினான். நாடகம் அவனைப் பின்தொடரவில்லை. கைவிடப்பட்ட பெண்ணின் வாயிலிற் சென்று நிற்கின்றது. கொரிந்துப் பெண்டிர் குழுவாய் நின்று அவள் சொல்லைக் கேட்கின்றனர். அவள் செய்த பழி கொடிது; பெற்ற மக்களையே கொன்றாள். போட்டியில் அந்நாடகத்திற்குக் கிடைத்ததும் கடைசியிடமே. ஏதென்ஸ் மாந்தர்க்கும் அது கசந்தது போலும். ஆயினும் அவளைப் பேசவிட்டனர். திருமறையில் யெப்தா தன் பொருத்தனையால் தன் மகளைப் பலிக்கு உரியவளாக்கியபோது, பெயரும் சொல்லப்படாத அப்பெண்ணுக்குத் தோழியரோடு மலையிற் சென்று புலம்ப இரண்டு திங்கள் கொடுத்தனர். நியாயாதிபதிகள் ஆகமம் அதனை மறவாமல் எழுதியும் வைத்தது.

சேக்கிழாரைக் குறைகூற யாம் யார்? அவர் பாட எடுத்துக்கொண்டது தொண்டர் பெருமை, துன்பியல் அன்று. ஆயினும் எம் நண்பர்க்கு இரண்டாம் விடை இதுவே: தமிழில் துன்பியல் இல்லாமல் இல்லை, ஒற்றியூரில் அது முழுதாய் விளைந்து கிடக்கின்றது. அதனை அறுவடை செய்த புலவரைத்தான் இன்னும் யாம் கண்டிலோம். மதுரையில் சிலம்பை உடைத்து, மாணிக்கம் தெறித்த கணத்தில் வேந்தனைத் தன் பிழையை அறியச் செய்த கண்ணகிக்கு இளங்கோவடிகள் வாய்த்தார். அக்கண்ணகியே வட்டப்பாறை அம்மனாய் ஒற்றியூர்த் திருக்கோயிலில் இருக்கின்றாள் என்பது அவ்வூரார் நம்பிக்கை. சீற்றத்தைப் பாடப்பெற்றவளும் பாடப்பெறாதவளும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றனர்.

மாசித் திங்கட் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழும் நாளில் நண்பரையும் அழைத்துக்கொண்டு ஒற்றியூர் சென்றோம். கூட்டம் நெருங்கிற்று. சூளும் மணமும் ஆண்டுதோறும் அம்மரத்தடியில் மீளவும் நிகழ்கின்றன. பெண்டிர் மரத்தைச் சுற்றிக் கைகூப்பி நின்றனர். கண்ணிழந்த நாளுக்கென்று ஒரு விழா உண்டோ என நண்பர் வினவினார். அருகில் நின்ற முதியவர் ஒருவர் அவரை ஏறிட்டு நோக்கிவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பும் வழியில் இராயபுரத்தில் இறங்கி, பாட்டியாரிடம், அவர் கேட்டது புராணத்தில் இல்லை என்றோம்.

“இல்லாம எப்படிப் போவும்? அங்கியேதான இருந்திருப்பா” என்றார்.